செலரி முறிந்தால் எலும்பு உடையும்! வீடியோ கேம் சத்தங்கள் எப்படி உருவாகின்றன?

கடைசி ஜோன். மூன்று பேர் மட்டுமே மிச்சம். பிஜிஎம்ஐ ஆடிக்கொண்டிருக்கும் இளைஞர், ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் கதவுக்குப் பின்னால் பதுங்கியிருக்கிறார். திரையில் யாரும் தெரியவில்லை. ஆனால், ஹெட்செட்டில் மேல்மாடி மரத்தரையில் 'டக்... டக்' என்று இரண்டு அடி. பிறகு அமைதி. பிறகு கண்ணாடி நொறுங்கும் சத்தம். எதிராளி ஜன்னல் வழியாகக் குதிக்கிறான்! கண் பார்ப்பதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிட்டது.

ஷூட்டர் கேம் ஆடும் எல்லோருக்கும் பழகிப்போன அனுபவம்தான் இது. ஹெட்செட் இல்லாமல் ஆடுவது ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆடுவதற்குச் சமம். ஆனால், ஒரு கேள்வியைப் பலர் கேட்டிருக்க மாட்டார்கள். இப்படி ஒரு கேமில் கேட்கும் அடிகளை உண்மையில் எடுத்து வைத்தது யார்?

கேமில் ஓடும் உருவம் கம்ப்யூட்டரில் செதுக்கப்பட்டது. அதற்குக் கால் இருக்கிறது, ஷூ இருக்கிறது. ஆனால், சத்தம் கிடையாது. அதைப் பெரும்பாலும் வெளியுலகத்திலிருந்துதான் கொண்டுவர வேண்டும். எங்கோ ஓர் அறையில், ஏசி, ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மைக் முன்னால் ஒரு மரப்பலகையின் மேல் ஷூ போட்டு யாரோ ஒருவர் நடந்திருப்பார். ஒரு முறை அல்ல, நூற்றுக்கணக்கான முறை.

வீட்டிலும் தெருவிலும் கேட்கும் சாதாரண சத்தங்கள் கேமுக்குள் எப்படிப் போகின்றன? அதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல்? பார்க்கலாம்.

ஃபோலி என்றால் என்ன?

பொருட்களை வைத்துச் சத்தங்களை உருவாக்கிப் பதிவு செய்யும் இந்த வேலைக்கு 'ஃபோலி' என்று பெயர். ஹாலிவுட்டின் யுனிவர்சல் ஸ்டுடியோவில் வேலை பார்த்த ஜாக் ஃபோலி என்பவரின் பெயர்தான் தொழிலுக்கே வந்துவிட்டது.

1927-ல் 'தி ஜாஸ் சிங்கர்' வெளியாகி, பேசும் படங்களுக்கு ரசிகர்கள் குவியத் தொடங்கினார்கள். அந்த நேரத்தில் யுனிவர்சலின் கையில் இருந்ததோ மௌனப் படமாக உருவான 'ஷோ போட்'. அதற்கு அவசரமாகச் சத்தம் சேர்க்க வேண்டிய நிலை. படத்தைத் திரையில் ஓடவிட்டு, அதைப் பார்த்தபடியே சத்தங்களை எழுப்பிப் பதிவு செய்த குழுவில் ஃபோலியும் இருந்தார். 1929-ல் படம் வெளியானது. அதன் பிறகு பல ஆண்டுகள் நடிகர்களின் நடையைத் தன் கால்களால் நடப்பதே அவருடைய வேலையானது.

தமிழ்ப் படங்களின் டைட்டிலில் 'எஃபெக்ட்ஸ்' என்று போட்டு ஒரு பெயர் ஓடுமே, அதே வேலைதான். சினிமாவில் பிறந்த இந்தக் கலை பின்னாளில் கேமுக்குள் நுழைந்தது. நுழைந்ததும் அதன் கணக்கே மாறிவிட்டது.

சினிமாவுக்கும் கேமுக்கும் என்ன வித்தியாசம்?

சினிமாவில் ஹீரோ மாடிப்படி ஏறினால், நூறு தடவை பார்த்தாலும் அதே படிகள், அதே வேகம். ஒரு முறை பதிவு செய்தால் வேலை முடிந்தது.

கேமில் அப்படி இல்லை. ஆட்டக்காரர் எப்போது நடப்பார், எங்கே நடப்பார், பதுங்கிப் போவாரா, ஓடுவாரா என்பது கேமை உருவாக்கியவருக்கே தெரியாது. எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். மரம், சிமென்ட், மண், சரளைக்கல், புல், தண்ணீர், தகரம், பனி, கம்பளம், உடைந்த கண்ணாடி என 10 வகைத் தரை. பதுங்கல், நடை, ஓட்டம், குதித்து இறங்குதல் என 4 வகை அசைவு. பூட்ஸ், வெறுங்கால் என 2 வகைக் கால். ஒவ்வொன்றிலும் 8 வெவ்வேறு பதிவுகள். பெருக்கினால் 640. ஒரே ஒரு கதாபாத்திரத்தின் அடிச்சத்தம் மட்டும்தான் இது. உடை உரசும் சத்தம், முதுகுப்பை குலுங்கும் சத்தம், துப்பாக்கி வார் ஆடும் சத்தம் எல்லாம் தனி.

ஒரே அடிக்கு எதற்கு 8 பதிவு? மனிதக் காது ரொம்ப உஷார். ஒரே பதிவு அச்சு அசலாகத் திரும்பத் திரும்ப வந்தால், நாலைந்து தடவைக்குள் 'இது மெஷின்' என்று மூளை கண்டுபிடித்துவிடும். இதற்கு ஒலித்துறையில் 'மெஷின்கன் எஃபெக்ட்' என்றே பெயர். நிஜத்தில் எந்த இரண்டு அடியும் ஒன்றுபோல இருப்பதில்லை. அதனால்தான் சத்தம் எழுப்புபவர் சற்றே அழுத்தி, சற்றே சாய்த்து, குதிகாலை இழுத்து என மாற்றி மாற்றி நடக்கிறார்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. சினிமாவில் தவறான அடிச்சத்தம் வந்தால் ரசிகருக்குக் கொஞ்சம் உறுத்தும், அவ்வளவுதான். கேமில் அந்தச் சத்தத்தை நம்பித்தான் ஆட்டக்காரர் முடிவெடுக்கிறார். மரத்தரையில் நடப்பவன் கேட்க வேண்டிய இடத்தில் சிமென்ட் தரை கேட்டால், அவர் தப்பான அறைக்குள் போய் மாட்டிக்கொள்வார். கேமில் சத்தம் என்பது அலங்காரம் அல்ல, தகவல்.

ஸ்டுடியோவா, சமையலறையா?

ஃபோலி ஸ்டுடியோவுக்குள் முதல் முறை நுழைபவர்கள் பழைய சாமான் கடைக்குள் வந்துவிட்டதாகவே நினைப்பார்கள். பழைய கதவுகள், துருப்பிடித்த பூட்டுகள், சூட்கேஸ்கள், டஜன் கணக்கில் ஷூக்கள். பக்கத்திலேயே காய்கறிக் கூடை. இந்தத் தொழிலில் காலங்காலமாகப் புழங்கும் சில 'ரெசிபி'கள் இதோ:

• எலும்பு முறிவு: செலரித் தண்டை மைக்குக்குப் பக்கத்தில் வைத்து முறுக்கி உடைப்பது. கூடவே ஓட்டோடு வால்நட்டை நசுக்கினால் இன்னும் கொடூரம்.

• பனியில் நடப்பது: தோல் பைக்குள் கார்ன்ஃப்ளார் மாவை நிரப்பி அழுத்துவது. 'கிரீச்' என்று பனி நெரிபடும் அதே சத்தம்.

• குதிரைக் குளம்பு: இரண்டு கொட்டாங்குச்சிகள் போதும்.

• நெருப்பு: செல்லோஃபேன் தாளை மெதுவாகக் கசக்குவது.

• பறவையின் சிறகடிப்பு: தோல் கையுறைகளை உதறுவது.

• புல்லில் நடப்பது: பழைய ஆடியோ கேசட்டின் டேப்பை உருவிக் குவித்து, அதன் மேல் மிதிப்பது.

• கத்திக்குத்து: முலாம்பழம். ஆல்ஃபிரெட் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) படத்தின் குளியலறைக் காட்சியில் கேட்பது, கசாபா என்ற முலாம்பழ வகையில் கத்தி இறங்கும் சத்தம்.

நிஜத்தையே பதிவு செய்தால் என்ன?

நியாயமான கேள்வி. பனியில் நடக்கும் சத்தம் வேண்டுமென்றால் பனிமலைக்கே போய்விடலாமே?

போகலாம், போகவும் செய்கிறார்கள். ஆனால் அங்கே காற்று வீசும். தூரத்தில் ஒரு வண்டி போகும். பதிவு செய்பவரின் ஜாக்கெட் உரசும். வேண்டிய சத்தத்தோடு வேண்டாத பத்துச் சத்தங்கள் ஒட்டிக்கொண்டு வரும். கேமுக்குத் தேவை தனித்தனியான, சுத்தமான சத்தம். பின்னணிக் காற்றை வேண்டுமானால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். அடிச்சத்தத்தோடு ஒட்டிய காற்றைப் பிரித்தெடுப்பது கஷ்டம்.

இரண்டாவது காரணம் இன்னும் சுவாரசியம். நிஜம் பல நேரங்களில் 'நிஜம் மாதிரி' கேட்பதில்லை. ஒருவர் இன்னொருவரை முகத்தில் குத்தினால் 'பொத்' என்று ஒரு மந்தமான சத்தம்தான் வரும். நம் படங்களில் வரும் 'டிஷூம்' எந்தச் சண்டையிலும் கேட்காது. ஆனாலும், அந்த 'டிஷூம்' இல்லாவிட்டால் அடி விழுந்ததாகவே நமக்குத் தோன்றாது.

துப்பாக்கியும் அப்படித்தான். நேரில் கேட்பவரின் நெஞ்சில் அதிரும் வெடிச்சத்தம், ஒரே மைக்கில் பதிவானால் பட்டாசு மாதிரி சப்பென்று இருக்கும். அதனால், சுடும் இடத்துக்குப் பக்கத்தில் சில மைக், கொஞ்சம் தள்ளிச் சில, நூறு மீட்டருக்கு அப்பால் சில என்று பல இடங்களில் வைத்துப் பதிவு செய்கிறார்கள். கிட்டத்திலிருந்து வரும் 'டப்', இயந்திர பாகங்கள் நகரும் 'க்ளிக்', மலையில் மோதித் திரும்பும் எதிரொலி எல்லாவற்றையும் அடுக்கியே ஒரு தோட்டாவின் சத்தம் தயாராகிறது.

கார் ரேஸ் கேம்களுக்கு, காரை ஓரிடத்தில் நிறுத்தி, சக்கரங்களை உருளைகளின் மேல் சுழலவிட்டு, இன்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு மைக், சைலன்சருக்குப் பின்னால் ஒரு மைக் என்று பொருத்தி, ஒவ்வொரு வேகத்திலும் தனித்தனியாகப் பதிவு செய்வது வழக்கம். ஆட்டக்காரர் ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த, இந்தப் பதிவுகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஒலிக்கும்.

பிரபல கேம்களின் ரகசியங்கள்

மைன்கிராஃப்ட்: நெருப்பு உருண்டை துப்பியபடி பறக்கும் 'காஸ்ட்' என்ற பூதத்தின் அழுகுரலைக் கேட்டால் குழந்தைகள் பயப்படுவார்கள். அந்தக் குரலின் சொந்தக்காரர் ஒரு பூனை! கேமின் இசையையும் ஒலிகளையும் உருவாக்கிய ஜெர்மனியின் டேனியல் ரோசன்ஃபெல்ட், தன் பூனை தூக்கம் கலைந்து கத்திய சத்தத்திலிருந்து அதை உருவாக்கினார்.

தி லாஸ்ட் ஆஃப் அஸ் (2013): பூஞ்சைத் தொற்றால் முகமே வெடித்துப் பார்வையிழந்த 'கிளிக்கர்'கள் இந்தக் கேமின் வில்லன்கள். வௌவால் மாதிரி 'க்ளிக் க்ளிக்' என்று ஒலியெழுப்பி, ஆட்டக்காரர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். கேட்டவுடன் ஏதோ விலங்கு அல்லது கம்ப்யூட்டர் ஒலி என்றே தோன்றும். ஆனால் அதன் அடிப்படை மனிதத் தொண்டை. குரல் கலைஞர் மிஸ்டி லீயும், கேமின் ஒலிக்குழுவை வழிநடத்திய ஃபில் கோவாட்ஸும் எழுப்பிய சத்தங்களிலிருந்து பிறந்தது அது.

இன்சைட் (2016): டென்மார்க்கின் பிளேடெட் நிறுவனம் உருவாக்கிய கேம். இதன் ஒலி வடிவமைப்பாளர் மார்ட்டின் ஸ்டிக் ஆண்டர்சன், ஓர் உண்மையான மனித மண்டையோட்டைப் பயன்படுத்தினார். ஒலிகளை மண்டையோட்டுக்குள் அதிரவிட்டு, வெளியே வருவதை மறுபடியும் பதிவு செய்தார். நம் குரலை நாமே கேட்கும்போது அது எலும்பு வழியாகவும் காதுக்கு வருகிறது. அந்த 'தலைக்குள் கேட்கும்' உணர்வு கேம் முழுக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

ஹெல்பிளேட்: செனுவாஸ் சாக்ரிஃபைஸ் (2017): 'சைக்கோசிஸ்' என்ற மனநலப் பாதிப்பால் அவதிப்படும் வீராங்கனையின் கதை. அவள் தலைக்குள் கேட்கும் குரல்களை, இரண்டு காதுகள் கேட்பதைப் போலவே பதிவு செய்யும் பைனாரல் மைக்கைச் சுற்றி நடிகர்கள் நடந்தபடி பேசிப் பதிவு செய்தார்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் யாரோ பிடரிக்குப் பின்னால் நின்று கிசுகிசுப்பது போலவே இருக்கும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மனநல நிபுணர் பால் ஃபிளெட்சரும், இப்படிக் குரல்கள் கேட்ட அனுபவமுள்ளவர்களும் இதற்கு ஆலோசனை சொன்னார்கள். 2018-ல் சிறந்த ஒலிக்கான பாஃப்டா விருது இந்தக் கேமுக்குத்தான்.

பதிவு செய்வதில் என்ன சூட்சுமம்?

முதல் எதிரி, பின்னணி இரைச்சல். ஃபிரிட்ஜ், டியூப்லைட்டின் ரீங்காரம், பக்கத்து வீட்டு மோட்டார், தெருநாய். சாதாரணமாக நம் காது இவற்றை வடிகட்டிவிடும். மைக் வடிகட்டாது. வெளியில் பதிவு செய்பவர்கள் பலர் நள்ளிரவையோ அதிகாலையையோ தேர்ந்தெடுப்பது அதனால்தான். காற்றைத் தடுக்க மைக்குக்கு மேல் புசுபுசுவென்று ஒரு ரோமக் கவசம் மாட்டுவார்கள். அதன் செல்லப்பெயர் 'செத்த பூனை'.

மைக்கிலும் வகைகள் உண்டு. ஒரு பொருளின் மேல் ஒட்டிவைத்தால் காற்றில் வரும் ஒலியை விட்டுவிட்டு, அந்தப் பொருளின் அதிர்வை மட்டும் எடுக்கும் கான்டாக்ட் மைக் ஒன்று. இதை இரும்பு வேலியில் ஒட்டித் தட்டினால், விண்கலத்தின் லேசர் துப்பாக்கி கேட்கும். தண்ணீருக்குள் இறக்கிப் பதிவு செய்யும் ஹைட்ரோஃபோன் இன்னொன்று.

அடுத்தது வேகம். மனிதக் காதுக்கு எட்டும் எல்லை சுமார் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. ஆனாலும் பலர் 96 அல்லது 192 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் விகிதத்தில் பதிவு செய்கிறார்கள். கேட்கவே முடியாத ஒலியை எதற்கு எடுக்க வேண்டும்? பதிவை நான்கில் ஒரு பங்கு வேகத்துக்குக் குறைத்தால் 40,000 ஹெர்ட்ஸில் இருந்த ஒலி 10,000-க்கு இறங்கி, காதுக்குள் வந்துவிடும். வீட்டுக் கதவின் சின்ன 'கிரீச்', கோட்டைக் கதவின் உறுமலாக மாறுவது இப்படித்தான்.

பிறகு அந்தச் சத்தம் எங்கே போகிறது?

பதிவான சத்தங்களைச் சுத்தம் செய்து, ஒவ்வோர் அடியையும் தனித்தனித் துண்டாக வெட்டி, பெயரிட்டுச் சேமிக்கிறார்கள். அதன் பிறகு வேலை ஒலி மென்பொருளின் கைக்குப் போகிறது. கனடாவின் ஆடியோகைனடிக் நிறுவனத்தின் 'வைஸ்', ஆஸ்திரேலியாவின் ஃபயர்லைட் டெக்னாலஜீஸ் உருவாக்கிய 'எஃப்மோட்' ஆகிய இரண்டும் இதில் பரவலாகப் பயன்படுபவை.

ஆட்டக்காரரின் கால் தரையைத் தொடும் நொடியில், கேம் 'எந்தத் தரை? என்ன வேகம்?' என்று பார்த்து மென்பொருளுக்குச் சொல்லும். அது பொருத்தமான எட்டுப் பதிவுகளில் ஒன்றைக் குலுக்கல் முறையில் எடுத்து, சுருதியையும் சத்த அளவையும் இம்மியளவு மாற்றி ஒலிக்கவிடும். நடுவில் சுவர் இருந்தால் மழுங்கடிக்கும். குகைக்குள் என்றால் எதிரொலி சேர்க்கும். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலியளவு சுமார் 6 டெசிபல் குறையும் என்ற இயற்பியல் விதியையும் கேமின் தேவைக்கு ஏற்ப வளைத்துக்கொள்ளும். இவ்வளவும் கண்ணிமைப்பதற்குள்.

மாடியா, கீழ்த்தளமா?

சத்தம் இடமா வலமா என்று காது எப்படிக் கண்டுபிடிக்கிறது? இடப்பக்கம் எழும் ஒலி இடது காதை முதலில் தொடும். வலது காதை அடைய அதிகபட்சம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தாமதம். மூளைக்கு அது போதும். தலை நடுவில் மறைப்பதால் வலது காதில் சத்தமும் சற்றுக் குறையும்.

மேலா கீழா என்பதுதான் சிக்கல். அதற்கு இந்தக் கணக்கு உதவாது. காது மடலின் மடிப்புகளில் ஒலி மோதித் திரும்பும் விதத்தை வைத்தே மூளை அதை ஊகிக்கிறது. மடல் ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் கேமில் அடிச்சத்தம் மாடியிலிருந்து வருகிறதா, பக்கத்து அறையிலிருந்தா என்று பல கேமர்கள் குழம்புகிறார்கள். பிளேஸ்டேஷன் 5-ல் 'டெம்பெஸ்ட்' என்ற 3டி ஒலி இன்ஜினைச் சோனி சேர்த்தது இந்தச் சிக்கலைக் குறைப்பதற்கும்தான்.

ஒரு சத்தத்துக்கு யார் சொந்தக்காரர்?

எல்லாக் கேம்களும் எல்லாச் சத்தங்களையும் புதிதாகப் பதிவு செய்வதில்லை. பணம் கொடுத்து வாங்கும் ரெடிமேட் ஒலி நூலகங்கள் நிறைய. 1993-ல் வந்த 'டூம்' கேமின் கதவுச் சத்தம் அப்படி ஒரு நூலகத்திலிருந்து வந்தது. அதே கதவு பல படங்களிலும் டிவி தொடர்களிலும் திறந்துகொண்டே இருக்கிறது.

உரிமையில் கவனமாக இல்லாவிட்டால் வம்புதான். ரோப்லாக்ஸ் கேமில் கதாபாத்திரம் செத்தால் வரும் 'ஊஃப்' சத்தம் ஒரு தலைமுறைக்கே மீம் ஆனது. அது 2000-ல் வெளியான 'மெசையா' என்ற வேறொரு கேமின் ஒலி என்பது பின்னர் தெரியவந்தது. உரிமைப் பிரச்சினை கிளம்பி, 2022 ஜூலையில் 'ஊஃப்' நீக்கப்பட்டு, வேறு சத்தம் வந்தது.

ரெடிமேட் ஒலிக்கு இன்னொரு குறையும் உண்டு. ஊர் மாறிவிடும். பழைய டார்ஜான் படங்களில் ஆப்பிரிக்கக் காட்டில் கேட்கும் பறவை, ஆஸ்திரேலியாவின் கூக்கபுரா! பறவை, வண்டி ஹாரன், கடைத்தெருக் கூச்சல் எல்லாம் ஊருக்கு ஊர் வேறு. மதுரையில் நடக்கும் கதைக்கு நியூயார்க் தெருவின் ஒலியைப் போட்டால், கண் மதுரையில் இருக்கும், காது அமெரிக்காவில் இருக்கும்.

நீங்களும் தொடங்கலாமா?

தாராளமாக. கையில் இருக்கும் போனே பழகுவதற்குப் போதும். ஆனால், போன்கள் பேச்சுக்காகவே வடிவமைக்கப்பட்டவை. பின்னணி இரைச்சலைத் தாமாகவே வெட்டிவிடும். ரெக்கார்டர் ஆப்பில் அந்த வசதியை அணைத்துவிட்டு, எம்பி3-க்குப் பதிலாகச் சுருக்கப்படாத டபிள்யூ.ஏ.வி. வடிவில் பதிவு செய்வது நல்லது. வெட்டி ஒட்ட 'ஆடாசிட்டி' இலவசம்.

ஒவ்வொரு பதிவிலும் தொடக்கத்தில் 'மரக்கதவு, மெதுவாகத் திறப்பு' என்று வாயால் சொல்லிவிடுவது தொழில்முறைக் கலைஞர்களின் பழக்கம். பிறகு தேடும்போது அருமை தெரியும். இடத்தின் வெறும் அமைதியையும் அரை நிமிடம் பதிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டும். இரைச்சலை நீக்கவும் இடைவெளிகளை நிரப்பவும் அது பயன்படும்.

ஆயத்த ஒலி வேண்டுமென்றால், பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2005-ல் தொடங்கிய 'ஃப்ரீசவுண்ட்' தளம் இருக்கிறது. ஆனால் 'ஃப்ரீ' என்று இருப்பதாலேயே எல்லாம் இஷ்டத்துக்குப் பயன்படுத்த அல்ல. சில ஒலிகளுக்குப் பதிவு செய்தவர் பெயரைப் போட வேண்டும். சிலவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. பிபிசியும் 2018-ல் 16,000 ஒலிகளைப் பொதுவெளியில் வைத்தது. தனிப்பட்ட, கல்விப் பயன்பாட்டுக்கு அனுமதி உண்டு. விற்கப்போகும் கேமில் சேர்க்கத் தனி உரிமம் வேண்டும்.

காதால் மட்டும் விளையாடுபவர்கள்

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு, கிராஃபிக்ஸ் நன்றாக இருந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்குப் பதில், பார்வையில்லாத கேமர்களிடம் இருக்கிறது.

2020 ஜூனில் வெளியான 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' கேமில், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் 60-க்கும் மேற்பட்ட செட்டிங்குகள் இருந்தன. அவற்றில் பல, ஒலியை நம்பியவை. பட்டனை அழுத்தினால் போக வேண்டிய திசை ஒலியால் தெரியும். எதிரி எங்கே, எடுக்க வேண்டிய பொருள் எங்கே என்பதை அந்தந்தத் திசையிலிருந்து வரும் ஒலி காட்டிக்கொடுக்கும். தாண்ட வேண்டிய பள்ளத்துக்கு ஓர் ஒலி, குனிந்து போக வேண்டிய இடத்துக்கு ஓர் ஒலி. எந்த ஒலிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுப் பழக மெனுவில் ஓர் அகராதியே உண்டு. பார்வையே இல்லாத கேமர்கள், பக்கத்தில் யாருடைய உதவியும் இல்லாமல் இந்தக் கேமைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஆடி முடித்தார்கள்.

இதற்கு ஆலோசனை வழங்கியவர்களில் ஒருவர், பார்வையற்ற கேமரான பிராண்டன் கோல். 2023-ல் வந்த 'ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்' ரேஸ் கேமிலும் அவருடைய பங்கு இருந்தது. கார் பாதையின் எந்த ஓரத்தில் போகிறது, வளைவு எப்போது வருகிறது, எப்போது பிரேக் போட வேண்டும் என எல்லாமே அதில் ஒலியாகக் கேட்கும். அதே ஆண்டு வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6'-ல் எதிராளி எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதையும் காதாலேயே தெரிந்துகொள்ளலாம். காது கேளாதவர்களுக்கு இதன் மறுபக்கம் இருக்கிறது. 'ஃபோர்ட்நைட்' கேமில் அடிச்சத்தமும் துப்பாக்கிச் சத்தமும் எந்தத் திசையிலிருந்து வருகின்றன என்பதைத் திரையில் சின்னங்களாகப் பார்க்கலாம்.

கிளிக்கர்களை நினைத்துப் பார்த்தால் ஒரு விநோதம் புரியும். முதல் பாகத்தில், பார்வையில்லாமல் சத்தத்தை வைத்தே வேட்டையாடியது வில்லன். இரண்டாம் பாகத்தில், அதே சத்தங்களை வைத்துப் பார்வையில்லாத ஒருவர் கிளிக்கரிடமிருந்து தப்பிக்கிறார். திரையில் என்ன வரைந்திருக்கிறார்கள் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. மரத்தரை மரமாகக் கேட்கிறதா, கண்ணாடி கண்ணாடியாகக் கேட்கிறதா என்பது மட்டுமே முக்கியம்.

ஃபேனை அணைத்துவிட்டு வியர்க்க வியர்க்க ஒரு பலகையின் மேல் எட்டாவது முறையாக நடக்கும் கலைஞர், ஒரு சத்தத்தைச் சோம்பலில் தவறாகப் போட்டுவிட்டால், கண் தெரிந்த ஆட்டக்காரர் 'என்னடா இது' என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார். காதை மட்டுமே நம்பி ஆடுபவர் வழி தெரியாமல் அதே இடத்தில் நிற்பார்.